மாக் இன்டர்வியூ சர்வீஸ் ரிவ்யூ: கேள்வி லிஸ்டுக்கு காசு குடுக்காதீங்க, நோண்டிக் கேக்குற ஆளுக்கு குடுங்க

வேலை தேடிட்டு இருந்த நேரத்துல ஆன்லைன்ல ஒரு மாக் இன்டர்வியூ சர்வீஸ், அதாவது நிஜ இன்டர்வியூவுக்கு முன்னாடி ஒத்திகை பாக்கற சர்வீஸ், வாங்கினேன், கொஞ்ச நாள் கழிச்சு என் சித்தி பொண்ணும் அதையே வாங்கினா, அவளோட ரெக்கார்டிங் எல்லாத்தையும் அவகூட உக்காந்து பாத்தேன், அதனால இது ரெண்டு பேரோட அனுபவம் கலந்த ரிவ்யூனு வச்சுக்கோங்க. கம்பெனி பேரு போடல. ஒண்ணு, திட்டப்போற இடம் நிறைய இருக்கு. இன்னொண்ணு, இந்த வகை சர்வீஸ் எதை எடுத்தாலும் உள்ள இருக்கிற சாமான் கிட்டத்தட்ட ஒண்ணுதான்: ஒரு கேள்வி பேங்க், ஏஐ வச்சு வீடியோ ப்ராக்டிஸ், நேர்ல ஒரு ஆள் கேக்குற லைவ் மாக், ஃபீட்பேக் ரிப்போர்ட், கடைசியா சம்பளம் பேசி பழகறதுக்கு ஒரு ஃபோன் கால். நீங்க எதை வாங்கினாலும் இதுல எதுக்கு காசு குடுக்கலாம் எதுக்கு குடுக்கக்கூடாதுனு தெரிஞ்சா போதும்.

முதல்ல கேள்வி பேங்க். விளம்பரத்துல இதத்தான் பெருசா காட்டுவாங்க, ஆயிரக்கணக்குல கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் மாடல் ஆன்சர்னு. உள்ள போய் பாத்தா 'உங்கள பத்தி சொல்லுங்க', 'உங்க வீக்னஸ் என்ன', 'அஞ்சு வருஷத்துல எங்க இருப்பீங்க' இந்த மூணையே இருபது விதமா திருப்பி திருப்பி எழுதி வச்சிருக்காங்க. மாடல் ஆன்சர் அதவிட மோசம். வீக்னஸ் கேட்டா "நான் ஒரு பர்ஃபெக்‌ஷனிஸ்ட், எல்லாத்தையும் சரியா செய்யணும்னு ரொம்ப மெனக்கெடுவேன்"னு சொல்லணுமாம். இத எத்தன பேர் வாயில இருந்து கேட்டிருப்பாங்கனு இன்டர்வியூ எடுக்கற நாற்காலில உக்காந்திருக்கிறவங்கள கேளுங்க, ரெண்டாவது வார்த்தையிலேயே பேனாவ கீழ வச்சிடுவாங்க. உண்மையான ஒரு குறைய, வேலைக்கு உயிர்நாடியா இல்லாத குறையா பாத்து, அதுக்கு இப்ப என்ன பண்ணிட்டு இருக்கீங்கனு சேத்து சொன்னா முடிஞ்சுது. "கூட்டத்துல பேச தயங்குவேன், அதனால மீட்டிங்குக்கு முன்னாடியே சொல்ல வேண்டிய ரெண்டு பாயிண்ட எழுதி வச்சிட்டு போறேன்" - இது போதும், இதுக்கு எந்த பேங்கும் வேண்டாம்.

இன்னொரு கூத்து, அந்த பேங்க்ல புதிர் கேள்விகளுக்குனு தனியா ஒரு பகுதி. ஒரு பஸ்ஸுக்குள்ள எத்தன கோல்ஃப் பந்து அடைக்கலாம் அந்த மாதிரி. இதுக்கெல்லாம் பேர் போன கூகுளே இத கைவிட்டுடுச்சு, அங்க ஆள் எடுக்கற வேலைக்கு தலைவரா இருந்த லாஸ்லோ பாக் 2013லயே இந்த புதிர் கேள்வியால எதையும் கண்டுபிடிக்க முடியல, சுத்த டைம் வேஸ்ட்னு வெளிப்படையா சொல்லிட்டாரு. அதுக்கப்புறமும் இத பணம் வாங்கிட்டு விக்கிறாங்க பாருங்க. எங்கயோ ஒரு மூலைல யாராவது இன்னும் கேக்கலாம், கேட்டா சத்தமா யோசிச்சு, என்ன ஊகம் பண்றீங்கனு சொல்லிக்கிட்டே ஒரு நம்பருக்கு வாங்க, விடை சரியா இருக்கணும்னு யாரும் எதிர்பாக்கறதில்ல.

கேள்வி பேங்க்குக்கு பதிலா ஒண்ணு பண்ணுங்க, இது லைவ் மாக்ல வந்த கோச் சொல்லிக் குடுத்தது, இலவசம். வேலை விளம்பரத்த, அதான் ஜேடிய, பிரிண்ட் எடுங்க இல்ல ஒரு ஃபைல்ல போடுங்க. ஒவ்வொரு வரியும் அவங்களுக்கு இருக்கிற ஒரு தலைவலி. 'பல டீம்களோட ஒருங்கிணைந்து வேலை செய்யணும்'னு போட்டிருந்தா அங்க டீம்களுக்குள்ள இழுபறி இருக்கலாம். 'நெருக்கடியில வேலை செய்யத் தெரியணும்'னு இருந்தா ஆள் பத்தல போல. ஒவ்வொரு வரிக்கு பக்கத்துலயும் உங்க வாழ்க்கையில நடந்த ஒரு சம்பவத்த எழுதுங்க. காலேஜ் முடிச்சு புதுசா வர்றவங்களுக்கு ப்ராஜெக்ட், இன்டர்ன்ஷிப், பார்ட் டைம் வேலை, ஏன் ஒரு விழா நடத்தினதுகூட போதும். ஆறு ஏழு சம்பவம் நல்லா தெரிஞ்சா போதும், கேள்வி எப்படி திரும்பினாலும் அதுல ஒண்ணு பொருந்தும். சண்டைய பத்தி ஒண்ணு, தோத்தத பத்தி ஒண்ணு, யாரும் சொல்லாமலே நீங்களா எடுத்து செஞ்சது ஒண்ணு, டெட்லைன் நெருக்கினது ஒண்ணு, இப்படி.

அடுத்து ஏஐ வீடியோ ப்ராக்டிஸ். ஸ்கிரீன்ல கேள்வி வரும், யோசிக்க அரை நிமிஷம், பேச ரெண்டு நிமிஷம், முடிஞ்சதும் ஸ்கோர். இப்ப நிறைய கம்பெனி முதல் ரவுண்டே இப்படித்தான் வைக்குது, எதிர்ல ஆளே இல்லாம கேமராவ பாத்து பேசிட்டு வரணும், அந்த மௌனத்துக்கு பழகறதுக்கு இது உதவுது, மறுக்கல. எத்தன தடவ 'ம்ம்ம்', 'ஆக்சுவலி', 'பேசிக்கலி' சொன்னோம்னு எண்ணி காட்டுது பாருங்க, அதுவும் நல்லது. என் சித்தி பொண்ணு ஒவ்வொரு பதிலையும் "ஸோ பேசிக்கலி"னுதான் ஆரம்பிச்சா, ரெக்கார்டிங்க பாத்ததும் அவளே தலைல அடிச்சுக்கிட்டா, அடுத்த வாரம் அது பாதியா குறைஞ்சிடுச்சு.

ஆனா அது குடுக்கிற 'கான்ஃபிடென்ஸ் ஸ்கோர்', 'பாசிட்டிவிட்டி ஸ்கோர்' இருக்கே, அத அப்படியே தூக்கி குப்பைல போடுங்க. மூஞ்சிய பாத்து மனச சொல்றேன்ங்கிற வியாபாரம் அது. வீடியோ இன்டர்வியூ சாஃப்ட்வேர்ல பெரிய பேரான ஹயர்வியூ கம்பெனியே முகத்த அலசி மதிப்பிடற பகுதிய விட்டுட்டோம்னு 2021 ஜனவரில அறிவிச்சிடுச்சு. ஐரோப்பிய யூனியன்ல 2025 பிப்ரவரில இருந்து வேலையிடத்துல ஒருத்தரோட உணர்ச்சிய ஏஐ வச்சு ஊகிக்கிறதுக்கே தடை, மருத்துவம் பாதுகாப்பு மாதிரி காரணம் இருந்தா மட்டும் விலக்கு. நிலைமை இப்படி இருக்க இங்க நாம ஸ்கோர் ஏறணும்னு கேமராவ பாத்து பல்ல காட்டிட்டு உக்காந்திருக்கோம். என் சித்தி பொண்ணு ஒரு நாள் டீம்ல ஒருத்தர் வேலைய விட்டு தூக்கப்பட்டத பத்தி சொல்றப்போ சிரிச்சுக்கிட்டே சொல்றா, என்னடி இதுனு கேட்டா "சிரிக்கலனா மார்க் குறையுது"ங்கிறா. அன்னிக்கே அந்த பகுதிய ஆஃப் பண்ண சொல்லிட்டேன்.

உண்மைல இந்த பகுதில பயன்படறது ரெக்கார்டிங் மட்டும்தான், அதுக்கு உங்க ஃபோன் போதும். ஃபோன கண்ணு மட்டத்துக்கு ரெண்டு புக்கு மேல வைங்க, லைட்டு முன்னாடி இருந்து மூஞ்சில விழணும், ஜன்னல் முதுகுக்கு பின்னாடி இருந்தா நீங்க வெறும் நிழல்தான். பேசும்போது ஸ்கிரீன்ல உங்க மூஞ்சிய பாக்காம லென்ஸ பாருங்க. டைமர் வச்சு பேசுங்க. அப்புறம் முக்கியமான விஷயம், ஒரு தடவ சத்தம் இல்லாம ஓட்டி பாருங்க, ஒரு தடவ பாக்காம காதுல மட்டும் கேளுங்க. ரெண்டும் ரெண்டு விதமான குறைய காட்டும். மனசுக்குள்ள ஓட்டி பாத்த பதில் எப்பவுமே அருமையா இருக்கும், வாய தொறந்து சொல்றப்போதான் எங்க இழுக்குது எங்க சிக்குதுனு தெரியும்.

இப்ப லைவ் மாக். மொத்த பேக்கேஜ்ல காசு குடுக்கத் தகுந்தது இதுதான், அதுவும் ஆள் சரியா அமைஞ்சா.

முதல் கோச் ஒரு மேடம், பல வருஷம் ஆள் எடுக்கற பக்கம் உக்காந்தவங்க. வர்றதுக்கு முன்னாடியே ரெஸ்யூமேவையும் ஜேடியையும் அனுப்ப சொன்னாங்க, உண்மையிலேயே படிச்சிட்டும் வந்தாங்க. கேள்வி பேங்க்ல இருந்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, 'உங்கள பத்தி சொல்லுங்க', அதுக்கப்புறம் முழுக்க ரெஸ்யூமே மேலதான். என் சித்தி பொண்ணு கஸ்டமர் சப்போர்ட்ல இருந்தவ, ரெஸ்யூமேல 'பதிலளிக்கும் நேரத்தை 30% குறைத்தேன்'னு ஒரு வரி. எல்லாரும் நம்பர் போடு நம்பர் போடுனு சொல்றாங்கல்ல, போட்டிருக்கா. மேடம் அந்த வரில வந்து நின்னாங்க. ரெக்கார்டிங்ல இருந்து ஞாபகத்துல எழுதறேன்:

"இந்த 30 சதவீதம் எதுல இருந்து எதுக்கு குறைஞ்சுது?"

"அது வந்து மேடம்... எங்க மேனேஜர் ரிவ்யூல சொன்னாரு."

"சரி, அவரு என்னத்த பாத்து சொன்னாரு?"

"டாஷ்போர்டுல வரும் மேடம், ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்னு."

"அது குறையறதுக்கு முன்னாடி நீங்க என்ன மாத்துனீங்க?"

இங்க ஒரு நீண்ட மௌனம். அப்புறம் மெதுவா சொல்றா, வர்ற டிக்கெட்ல, அதான் கஸ்டமர் புகார்ல, பெரும்பாதி பாஸ்வேர்ட் மறந்துட்டேன், லாகின் ஆகல இந்த ரகம்தான், அதுவும் மத்த சிக்கலான புகாரும் ஒரே வரிசைல கலந்து வருது, அதனால எல்லாரும் காத்திருக்காங்க, இவ அத ஒரு ஷீட்ல ரெண்டு வாரம் எண்ணி மேனேஜர்கிட்ட காட்டி லாகின் பிரச்சனைய மட்டும் தனி வரிசையா பிரிக்க சொல்லி, அதுக்கு ரெடிமேட் பதில் நாலஞ்சு எழுதி வச்சிருக்கா.

மேடம் கேட்டாங்க, "இவ்வளவு நல்ல விஷயத்த ஏம்மா 30 சதவீதத்துக்கு பின்னாடி ஒளிச்சு வச்சீங்க?"

அடுத்ததா "டீம்ல யாரும் எதிர்க்கலையா? எதிர்த்தவங்க சொன்னதுல நியாயம் இருந்துச்சா? இப்ப திரும்ப பண்ணா என்ன மாத்துவீங்க?"னு மூணு கேள்வி வரிசையா. அங்கதான் எனக்கு இந்த சர்வீஸோட விலையே புரிஞ்சுது. முதல் கேள்வி யாரு வேணா கேக்கலாம், லிஸ்ட்ல இருக்கு. ரெண்டாவது மூணாவது நாலாவது கேள்விதான் உண்மையான இன்டர்வியூ, அது எந்த லிஸ்ட்லயும் இருக்காது ஏன்னா அது உங்க பதில்ல இருந்து பொறக்குது. ஏஐ ப்ராக்டிஸ்லயும் ஃபாலோ-அப் கேள்வி வந்துச்சு, ஆனா நாம சொன்ன ஒரு வார்த்தைய புடிச்சு இன்னும் விளக்குங்கனு கேக்குமே தவிர, இவரு இங்க எதையோ மழுப்புறாருனு மூக்குல வேர்த்து கேக்கல.

எல்லாரும் சொல்ற ஸ்டார் முறை தெரிஞ்சிருக்கும், சிச்சுவேஷன், டாஸ்க், ஆக்‌ஷன், ரிசல்ட்னு. டிடிஐங்கிற அமெரிக்க கம்பெனி 1974ல கொண்டு வந்தது, இன்னிக்கும் 'ஒரு சம்பவம் சொல்லுங்க' வகை கேள்விக்கு அதுதான் அடிப்படை. முறை நல்லதுதான், ஆனா ஜனங்க அத சொல்ற விதத்துல அளவு தப்பிடுது. சிச்சுவேஷன் பத்தியே ஒன்றரை நிமிஷம், கம்பெனி வரலாறு, டீம் அமைப்பு, கிளையன்ட் குணம், அப்புறம் ஆக்‌ஷன் வர்றப்போ "ஸோ எல்லாரும் சேந்து பேசி முடிச்சிட்டோம்". மேடம் வச்ச கணக்கு இது: பின்னணி ரெண்டு மூணு வாக்கியம், நீங்க என்ன பண்ணீங்கங்கிறது பதில்ல பாதிக்கு மேல, அதுல ஏன் அந்த வழிய எடுத்தீங்க ஏன் இன்னொரு வழிய எடுக்கலங்கிறது கட்டாயம், ரிசல்ட் ஒரு ரெண்டு வரி. ரெண்டு நிமிஷத்துக்குள்ள நிறுத்திடுங்க, அவங்களுக்கு மேல வேணும்னா கேப்பாங்க. கேக்க இடம் விடறதும் பதில்ல சேத்தி.

என்னோட மாக்ல அவங்க வேற ஒண்ணு பண்ணாங்க. முதல் இருபது நிமிஷம் மூஞ்சில ஒரு உணர்ச்சியும் இல்ல. சிரிப்பு இல்ல, தலையாட்டல் இல்ல, குனிஞ்சு எழுதிக்கிட்டே இருக்காங்க. முடிஞ்சதும் ஏன் அப்படினு சொன்னாங்க. நிறைய இடத்துல இப்ப ஸ்ட்ரக்சர்டு இன்டர்வியூதான், எல்லா கேண்டிடேட்டுக்கும் ஒரே கேள்வி, ஒரே வரிசை, பதிலுக்கு முன்னாடியே போட்டு வச்ச மார்க் அளவு. ஒருத்தருக்கு சிரிச்சு ஒருத்தருக்கு முறைச்சா அளவு கெட்டுடும்னு பல இடத்துல அப்படி பயிற்சி குடுத்து உக்கார வைக்கிறாங்களாம். அதனால எதிர்ல மூஞ்சி கல்லு மாதிரி இருந்தா சொதப்பிட்டோம்னு நெனச்சு பேச்ச மாத்தாதீங்கனு சொன்னாங்க. இது எனக்கு ரொம்ப புதுசா பட்டுச்சு, வீட்டுக்கு வந்து தேடி படிச்சேன். ஷ்மிட், ஹன்டர்னு ரெண்டு பேர் 1998ல அதுவரைக்கும் நடந்த 85 வருஷ ஆய்வையெல்லாம் தொகுத்து, எந்த தேர்வு முறை பின்னாடி வேலைல எப்படி செய்வாங்கங்கிறதோட எவ்வளவு ஒத்துப்போகுதுனு போட்டாங்க. 0னா சம்பந்தமே இல்ல, 1னா அச்சு அசல். ஸ்ட்ரக்சர்டு இன்டர்வியூவுக்கு 0.51, சும்மா வாயில வந்தத கேக்குற இன்டர்வியூவுக்கு 0.38. 2022ல சாக்கெட்டும் கூட்டாளிகளும் அந்த கணக்குல திருத்தம் பண்ணி பாத்தப்போ பெரும்பாலானது இறங்கிடுச்சு, ஆனா ஸ்ட்ரக்சர்டு 0.42ல முதல் இடத்துக்கு வந்துடுச்சு, அரட்டை வகை 0.19க்கு போயிடுச்சு. 0.19! அதாவது ஜாலியா பேசி ஒத்து போயிட்டோம்னு சந்தோஷமா வெளிய வர்ற இன்டர்வியூவுக்கும் நீங்க வேலைல எப்படி செய்வீங்கங்கிறதுக்கும் பெருசா தொடர்பு இல்ல. ரிஜெக்ட் ஆனா உடனே நமக்கு தகுதி இல்லனு உக்காந்து அழறவங்க இந்த நம்பர ஒரு தடவ பாக்கலாம்.

தெரியாத கேள்வி வந்தா என்ன பண்றதுங்கிறதுக்கும் அந்த மேடம் நல்ல பழக்கம் குடுத்தாங்க. வேணும்னே ஜேடில இல்லாத ஒரு டூல் பத்தி கேட்டாங்க. நான் அதுல வேலை செஞ்சதில்ல, ஆனா அதே வேலைக்கு வேற ஒண்ணு யூஸ் பண்ணிருக்கேன், அதுல இப்படி பண்ணுவேன், இதுல எது மாறும்னு முதல்ல டாக்குமென்டேஷன்ல பாப்பேன்னு சொன்னதும் அவங்க அங்கயே நிறுத்திட்டு "இத அப்படியே வச்சுக்கோங்க"ன்னாங்க. யோசிக்க நேரம் வேணும்னா "ஒரு நிமிஷம் யோசிச்சு சொல்றேன்"னு கேட்டுட்டு அமைதியா இருங்க, அந்த அமைதி நமக்குத்தான் ஒரு யுகமா தெரியும், எதிர்ல இருக்கிறவங்க அதுக்குள்ள முந்தின பதில எழுதிட்டு இருப்பாங்க.

இவ்வளவு புகழ்ந்தாச்சு, இப்ப வண்டவாளத்துக்கு வரேன். ரெண்டாவது லைவ் மாக்குக்கு வேற ஒரு கோச் வந்தாரு. எந்த கோச்னு நாம தேர்ந்தெடுக்க முடியாது, அவங்களே ஒதுக்குவாங்க, இதுதான் இந்த சர்வீஸோட மகா பெரிய ஓட்டை. இவரு ரெஸ்யூமேவ தொறக்கவே இல்ல. பத்து நிமிஷம் லேட்டு. அப்புறம் அவர் வாழ்க்கையில எப்படி முன்னேறினாருனு ஒரு சொற்பொழிவு. "கான்ஃபிடென்டா இருங்க", "ஸ்மைல் பண்ணுங்க", "உங்க எனர்ஜி பத்தல". எனர்ஜி பத்தலனா எந்த பதில்ல எந்த இடத்துலனு கேட்டேன், "ஓவரால்"ங்கிறாரு. கேள்வியெல்லாம் அந்த பேங்க்ல இருந்து வரிசை மாறாம. நான் ஒரு பதில்ல வேணும்னே பாதில நிறுத்தி பாத்தேன், நோண்டவே இல்ல, "வெரி குட், நெக்ஸ்ட்".

அதவிட கடுப்பு, வேலை இல்லாம இருந்த இடைவெளிய மறைக்க ரெஸ்யூமேல தேதிய இழுத்து போட சொன்னாரு. இத யாரு சொன்னாலும் கேக்காதீங்க. வேலைல சேர்ந்த பிறகுகூட பேக்கிரவுண்ட் செக்ல தேதி சரிபார்ப்பாங்க, மாட்டினா வேலையே போயிடும். இடைவெளிக்கு ஒரு வாக்கியம் போதும். டீமயே மூடினாங்க, வீட்டுல உடம்பு சரியில்லாதவங்கள பாத்துக்க வேண்டியிருந்துச்சு, எதுவா இருந்தாலும் நேரா ஒரு வரி, அந்த நேரத்துல கத்துக்கிட்டது எதாவது இருந்தா இன்னொரு வரி, அதோட இந்த வேலைக்கு வந்துடுங்க. நீங்க பதறி பத்து வரி பேசினாதான் அங்க என்னமோ இருக்குனு அவங்களுக்கு தோணும். பழைய மேனேஜர பத்தி புலம்பறதும் அப்படித்தான், அவரு நிஜமாவே மோசமான ஆளா இருந்தாலும் அங்க சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்ல.

கம்ப்ளைன்ட் பண்ணதும் இன்னொரு செஷன் இலவசமா குடுத்தாங்க, அத ஒத்துக்கணும், சாட்ல பேசினவங்க மரியாதையா பேசினாங்க. ஆனா முதல்ல வந்த மேடமே வேணும்னு கேட்டதுக்கு சிஸ்டம்ல அப்படி வசதி இல்லனுட்டாங்க. வாங்கறதுக்கு முன்னாடி இத கேட்டு வச்சுக்கோங்க: கோச்ச நானே தேர்ந்தெடுக்கலாமா, அவங்க உண்மையிலேயே ஆள் எடுத்த அனுபவம் உள்ளவங்களா, என் துறைய பத்தி தெரிஞ்சவங்களா, ரெஸ்யூமேவும் ஜேடியும் முன்கூட்டியே படிப்பாங்களா. இதுக்கு சுத்தி வளைச்சு பதில் வந்தா விட்டுடுங்க.

ஃபீட்பேக் ரிப்போர்ட் சுமார் ரகம். கம்யூனிகேஷன் 7/10, பாடி லாங்குவேஜ் 6/10, நாலேட்ஜ் 7/10. ஏழ எட்டாக்க என்ன பண்ணணும்னு எங்கயும் இல்ல. மேடம் வாயால சொன்னதுல பத்துல ஒரு பங்குகூட அதுல ஏறல. அதனால செஷன் முடியறதுக்கு முன்னாடி கடைசி பத்து நிமிஷம் கேட்டு வாங்கி, "நான் சொன்னதுல எந்த பதில நீங்க நம்பல?"னு நேரா கேளுங்க. இந்த ஒரு கேள்விக்கு வர்ற பதில் அந்த பத்து பக்க பிடிஎஃப்ப விட மேல். ரெக்கார்டிங் லிங்க் கொஞ்ச நாள்லயே எக்ஸ்பயர் ஆயிடுது, கையோட டவுன்லோட் பண்ணிடுங்க. அவங்க சர்வர்ல நம்ம வீடியோ எவ்வளவு நாள் இருக்கும், அழிக்க சொன்னா அழிப்பாங்களானு பாலிசில தேடினேன், பூதக்கண்ணாடி வேணும். கம்பெனிகள் நடத்தற வீடியோ இன்டர்வியூக்கே அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துல 2020 ஜனவரில இருந்து சட்டம் இருக்கு, ஏஐ வச்சு அலசறதா இருந்தா முன்னாடியே சொல்லி சம்மதம் வாங்கணும், கேட்டா 30 நாளுக்குள்ள அழிக்கணும். ப்ராக்டிஸ் சர்வீஸ்காரங்களும் அந்த அளவுக்காவது தெளிவா எழுதி வைக்கலாம்ல.

சம்பளம் பேசற கால் எதிர்பாக்காத அளவுக்கு நல்லா இருந்துச்சு. அரை மணி நேரம்தான், ஆனா அந்த ஆள் ஹெச்ஆரா நடிச்சு அழுத்தினாரு. எவ்வளவு எதிர்பாக்குறீங்கனு முதல் காலிலேயே கேட்டா, "இந்த பொறுப்புக்கு நீங்க என்ன ரேஞ்ச் வச்சிருக்கீங்க?"னு திருப்பி கேக்க சொன்னாரு. கட்டாயப்படுத்தினா விசாரிச்சு வச்ச ரேஞ்ச சொல்லுங்க, அதுல கீழ் எல்லைய நீங்க நிஜமா ஒத்துக்கற நம்பரா வைங்க ஏன்னா பேரம் அங்க இருந்துதான் நடக்கும். ஆஃபர் வந்த நிமிஷமே ஆமானு சொல்லாம எழுத்துல வாங்கிட்டு ரெண்டு நாள் டைம் கேளுங்க, ஒழுங்கான கம்பெனி எதுவும் அதுக்காக ஆஃபர பிடுங்காது. இத எல்லாம் தெரியும்னுதான் நெனப்போம், ஆனா நம்பர சொல்லிட்டு வாய மூடிக்கிட்டு இருக்கறது இருக்கே, அதுக்கு நிஜமாவே ப்ராக்டிஸ் வேணும். சொன்ன அடுத்த நொடியே "பட் நெகோஷியபிள்தான் சார்"னு நாக்கு தானா சொல்லிடுது.

இந்த பேக்கேஜ்ல சுத்தமா இல்லாத ஒண்ணு, கடைசில "உங்களுக்கு எதாவது கேள்வி இருக்கா?"னு கேட்டா என்ன கேக்கறதுங்கிறது. இல்ல சார்னு எந்திரிச்சு வந்துடறாங்க முக்காவாசி பேர். "இந்த வேலைல சேர்றவங்க முதல் மூணு மாசத்துல என்ன முடிச்சிருக்கணும்னு எதிர்பாக்குறீங்க?", "இந்த இடம் புதுசா, இல்ல யாராவது போனதால காலியாச்சா?", "இந்த டீம்ல இப்ப ரொம்ப படுத்துற பிரச்சனை எது?" இதுல ஒண்ணு ரெண்டு கேளுங்க. அவங்கள இம்ப்ரெஸ் பண்றதுக்காக இல்ல, போய் மாட்டிக்க வேண்டிய இடமா இல்லையானு உங்களுக்கு தெரியணும்ல. ரெண்டாவது கேள்விக்கு ரெண்டு பேர் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டா அதுலயே பாதி பதில் இருக்கு. வெளிய வந்ததும் என்னென்ன கேட்டாங்கனு ஃபோன்ல உடனே எழுதி வைங்க, அடுத்த ரவுண்டுல அதே இடத்துல இருந்துதான் தொடர்வாங்க.

ஒரு எச்சரிக்கை, இந்த சர்வீஸ் தேடறப்போ கூடவே ரெண்டு வகை விளம்பரம் வரும். ஒண்ணு 'வேலை கேரண்டி'. வேலை குடுக்கறது கம்பெனி, ப்ராக்டிஸ் குடுக்கறவன் எப்படி கேரண்டி குடுப்பான், ஓடிடுங்க. இன்டர்வியூவுக்கு வர பணம் கட்டுனு எந்த கம்பெனி பேர்ல மெயில் வந்தாலும் அதுவும் மோசடிதான். இன்னொண்ணு, இன்டர்வியூ நடக்கறப்பவே ஸ்கிரீன் ஓரத்துல பதில காட்டற ஏஐ, இல்ல உங்களுக்கு பதிலா வேற ஆள் பேசறது. ஆள் மாறாட்டம்ங்கிறது நேரா மோசடி, அதுல பேச்சே இல்ல. ஏஐ பதில் காட்டறதும் முதல் கேள்விக்கு வேணா ஓடும். கண்ணு இடமிருந்து வலமா போறது எதிர்ல நல்லாவே தெரியும், "ஏன் அந்த வழிய எடுக்கல?"னு நோண்ட ஆரம்பிச்சா அங்க நிக்குது.

ரேட்டிங் கேட்டா பிரிச்சுத்தான் குடுப்பேன். கேள்வி பேங்க் 1/5, ஏஐ வீடியோ 2/5, அதுவும் 'பேசிக்கலி'ய எண்ணி காட்டினதுக்காக. லைவ் மாக் நல்ல கோச் வந்தா 5/5, மத்தவரு வந்தா பூஜ்யம். சம்பள கால் 4/5. ரிப்போர்ட் 2/5. மொத்த பேக்கேஜா வாங்காதீங்க, லைவ் மாக் மட்டும் தனியா குடுக்குறாங்களானு கேளுங்க, பெரும்பாலும் குடுப்பாங்க, வெப்சைட்ல கண்ணுல படாத இடத்துல இருக்கும்.

கைல காசு இல்லனா உங்க துறைல கொஞ்சம் சீனியரா இருக்கிற ஒரு அக்காவோ அண்ணனோ புடிங்க, ரெஸ்யூமேவையும் ஜேடியையும் குடுத்து, "எப்படி தெரியும், ஏன் அப்படி பண்ண, வேற யாரு இருந்தா, திரும்ப பண்ணா என்ன மாத்துவ, இத மட்டும் கேட்டுக்கிட்டே இருங்க, என்ன பாத்து பாவப்படாதீங்க"னு சொல்லிடுங்க. நெருங்கின நண்பர்கள் சரிப்பட மாட்டாங்க, ரெண்டாவது கேள்விலேயே சிரிச்சிடுவாங்க.

லைவ் மாக் புக் பண்றவங்க நிஜ இன்டர்வியூவுக்கு முந்தின நாள் ராத்திரி போடாதீங்க, நாலஞ்சு நாள் முன்னாடி போடுங்க. நோண்டினதுல ஓட்டையான கதை எதுனு தெரிஞ்சப்புறம் பழைய மெயில், பழைய ஷீட் எல்லாம் தோண்டி எடுத்து உண்மைல என்ன நடந்துச்சுனு பாக்க நேரம் வேணும். ரீஷெட்யூல் பண்ணணும்னா 24 மணி நேரத்துக்கு முன்னாடி சொல்லணும், இல்லனா அந்த செஷன் போச்சு, இது புக்கிங் பக்கத்துல ரொம்ப சின்ன எழுத்துல இருக்கு.